ஊருக்குப் போகும் டிக்கெட்டும் ஊரறியக் கூடாத எண்ணும்

மராட்டிய மண்ணில் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் நம்மவர்க்கு ‘ஊர்’ என்றால் அது தாமிரபரணிக் கரையிலோ, சேலத்துப் பக்கத்திலோ உள்ள ஒரு சிற்றூர்தான். தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, செம்பூரில் குடித்தனம் நடத்துபவர் கூட ‘ஊருக்குப் போகிறேன்’ என்று சொன்னால், ரயிலேறிப் போய்ச் சேரும் இடத்தையே குறிக்கிறார். ஆகவே ரயில் டிக்கெட் நமக்கு வெறும் காகிதத் துண்டு அன்று. கலியாணத்துக்கும் கருமாதிக்கும், கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நம்மை நம் வேருடன் பிணைக்கும் கயிறு அது.

அந்தக் கயிறு இன்று கணிப்பொறியின் வழியே ஓடுகிறது. வீட்டில் அமர்ந்தபடி செல்பேசியில் விரல் வைத்தால் நாகர்கோவில் வண்டியில் இடம் கிடைக்கிறது. வசதி பெரிதுதான், ஐயமில்லை. ஆனால் அந்த வசதிக்கு ஈடாக நமது பெயர், வயது, கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு யந்திரத்திடம் ஒப்படைக்கிறோம். அந்த யந்திரம் நம்பத் தக்கதா? அதனிடம் கொடுத்தது பத்திரமாக இருக்குமா? வேண்டிய வேளையில் அது கை கொடுக்குமா? இம்மூன்று கேள்விகளைக் குறித்து உலகெங்கும் அறிஞர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாம், அந்த ஆராய்ச்சியின் சாரத்தை நமக்குப் பழக்கமான டிக்கெட் விஷயத்தைக் கொண்டே இங்கு விளக்க முற்படுகிறோம்.

அட்டை டிக்கெட்டின் காவல்

பழைய அட்டை டிக்கெட்டை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விரல் நீளத்தில், கனமான அட்டையில், வரிசை எண் அச்சிட்டு, தேதி குத்திக் கொடுப்பார்கள். இதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர். 1830-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஒரு சிறு ஸ்டேஷனில் அதிகாரியாக இருந்தவர். அதற்கு முன் குமாஸ்தா ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதிக் கொடுப்பார். எத்தனை சீட்டு விற்றார், எவ்வளவு பணம் வந்தது என்பதற்கு அவர் வாய்ச்சொல்லே சாட்சி. எட்மண்ட்சன் வரிசை எண் இட்ட பின்னர், காலையில் முதல் எண்ணையும் மாலையில் கடைசி எண்ணையும் பார்த்தால் கணக்குத் தானே வெளிப்பட்டது.

இதில் ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருக்கிறது. நல்ல காவல் என்பது மனிதரைச் சந்தேகிப்பது அன்று. யாரும் யாரையும் சந்தேகிக்கத் தேவையில்லாதபடி முறையை அமைப்பது. வரிசை எண் திருடனைத் தடுத்தது மட்டுமன்றி, நேர்மையான குமாஸ்தாவைப் பழியிலிருந்தும் காத்தது. இன்றைய தகவல் பாதுகாப்பு ஆராய்ச்சி முழுமைக்கும் இதுவே அடிப்படை எனலாம்.

கணிப்பொறி வந்த கதை

கணிப்பொறிக்கும் நமது மும்பைக்கும் உள்ள உறவு பழையது. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறி, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. அந்தக் குழுவை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். ஆயினும் ரயில்வேயின் ரிசர்வேஷன் வேலை அதன் பின்னும் கால் நூற்றாண்டு வரை தடித்த பேரேடுகளிலேயே நடந்து வந்தது. 1985-ல் புது தில்லியில் கணிப்பொறி ரிசர்வேஷன் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு ‘கிரிஸ்’ என்னும் ரயில்வே தகவல் முறை மையம் நிறுவப்பட்டது. தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து கேந்திரங்களும் 1999-க்குள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 2002 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தின் வழியே டிக்கெட் விற்கத் தொடங்கியது.

இப்பொழுது ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாதரில் ஒருவரும் திருநெல்வேலியில் ஒருவரும் ஒரே வண்டியில் ஒரே பெர்த்தை ஒரே விநாடியில் கேட்கின்றனர். பேரேடு ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில் யார் கையில் பேரேடு இருந்ததோ அவருக்கு இடம். இன்றோ ஆயிரக்கணக்கான கரங்கள் ஒரே வேளையில் நீள்கின்றன. யந்திரம் என்ன செய்கிறது? ஒருவர்க்கு அந்த இடத்தைத் தரும் வேலை முடியும் வரை மற்றவர்க்கு அதைப் பூட்டி வைக்கிறது. வேலை முழுவதும் நிறைவேற வேண்டும். இல்லையேல் ஒன்றுமே நடவாதது போல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பாதி நடந்து பாதி நிற்றல் கூடாது. இந்த முறையைத் திட்டவட்டமாக வகுத்த ஜிம் கிரே என்ற அமெரிக்கருக்கு 1998-ஆம் ஆண்டின் டூரிங் பரிசு வழங்கப்பட்டது. கணிப்பொறி இயலுக்கு அதுவே தலையாய பரிசு.

‘அப்படியானால் எம் பணம் வங்கியிலிருந்து போய்விட்டது, டிக்கெட் மட்டும் வரவில்லையே?’ என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. வங்கியின் யந்திரம் வேறு, ரயில்வேயின் யந்திரம் வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள கம்பியில் தடை ஏற்பட்டால் பணம் இடையில் தங்கிவிடுகிறது. கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்த பின் அது திரும்ப வரும். பதறிப் போய் மறுபடி மறுபடி பணம் கட்டுவது நஷ்டத்துக்கே வழி.

யந்திரம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதும் இவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி. 2023 ஜூலை 25-ஆம் தேதி ஐ.ஆர்.சி.டி.சி.யின் தளம் பல மணி நேரம் இயங்கவில்லை. அன்று ரயில்வே நிர்வாகம் கூடுதல் கவுண்ட்டர்களைத் திறந்து நிலைமையைச் சமாளித்தது. பழைய வழியை முற்றிலும் மூடிவிடாமல் வைத்திருந்ததே அன்று உதவிற்று. ‘எல்லாம் செல்பேசியிலே வந்துவிட்டதே, கவுண்ட்டர் எதற்கு?’ என்போர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ரயில்வேயில் சிக்னல் அமைப்போர்க்கு ஒரு விதி உண்டு: கோளாறு எதுவாயினும் அது அபாயமற்ற பக்கமே சாய வேண்டும். கம்பி அறுந்தால் சிக்னல் சிவப்பைக் காட்ட வேண்டுமேயன்றிப் பச்சையைக் காட்டலாகாது. இவ்விதி மீறப்பட்டால் விளைவு என்ன என்பதை 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பஹாநகா பஜார் ஸ்டேஷனில் கண்டோம். சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரசுக்கு நேர் வழி என்று சிக்னல் காட்டிற்று. தண்டவாளமோ கிளை வழிக்குத் திரும்பியிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் இணைப்புகளை மாற்றியமைத்த வேலையில் நேர்ந்த குறைபாடே காரணம் என்று ரயில்வே பாதுகாப்புக் கமிஷனரின் விசாரணை கண்டது. யந்திரத்தை நன்றாகப் படைத்தால் மட்டும் போதாது. பழுது பார்த்த பின் சரிபார்க்கும் ஒழுக்கமும் வேண்டும் என்பதற்கு இதனினும் வேதனையான சாட்சி வேண்டியதில்லை.

பதினோரு மணிப் போர்

நம்மவர்க்கு மிகப் பழக்கமான துன்பம் தட்கால் துன்பம். 1997 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. திடீரென்று புறப்பட வேண்டியவர்க்கென ஒதுக்கிய இடங்கள், பயணத்துக்கு முந்தைய நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், சாதாரண ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கப்படுகின்றன. ஊரில் தாய் தந்தையர் உடல் நலம் குன்றிய செய்தி வந்தால் நாம் நம்பியிருப்பது இதைத்தான். ஆனால் கடிகாரம் பதினொன்று அடித்துப் பெயரை எழுதி முடிப்பதற்குள் ‘வெயிட்டிங் லிஸ்ட்’ என்று வந்துவிடுகிறதே, ஏன்?

ஏனெனில் நம்முடன் வரிசையில் நிற்பவர் எல்லோரும் மனிதர் அல்லர். தானே பெயர் எழுதி, தானே பணம் கட்டி, கண்ணிமைக்கும் நேரத்தில் டிக்கெட் எடுக்கும் கள்ள மென்பொருள்களும் நிற்கின்றன. மனிதரையும் யந்திரத்தையும் பிரித்தறிவதற்காக வளைந்து நெளிந்த எழுத்துக்களைக் காட்டிப் படிக்கச் சொல்கிறார்கள் அல்லவா? அதற்குக் ‘கேப்ச்சா’ என்று பெயர் சூட்டியோர் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள். 2020 ஆகஸ்டில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் கண்டறிந்த ‘ரியல் மாங்கோ’ என்னும் கள்ள மென்பொருள் அந்தச் சோதனையையே ஏமாற்றி உள்ளே புகுந்தது. வங்கி அனுப்பும் ரகசிய எண்ணைச் செல்பேசியிலிருந்து தானே எடுத்து நிரப்பியது. பல பெயர்களில் உள்ள கணக்குகளின் வழியே ஒரே சமயத்தில் நுழைந்தது. அதை நடத்தியவர்கள் ஐந்து அடுக்குகளாக அமைப்பு வைத்துக் கொண்டு, ஏஜெண்டுகளுக்கு அதை விற்று, பிட்காயினாகக் கூலி பெற்றனர். ஐம்பது பேர் வரை கைதாயினர் என்று அப்படை செப்டம்பரில் அறிவித்தது.

2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் வெளியிட்ட செய்தி இன்னும் திகைப்பூட்டுவது. தட்கால் திறந்த முதல் ஐந்து நிமிஷங்களில் உள்ளே நுழைய முயல்வோருள் பாதி வரை கள்ள யந்திரங்களே என்றும், சந்தேகத்துக்குரிய 2.5 கோடிக் கணக்குகள் முடக்கப்பட்டன என்றும் அது கூறிற்று. இருவர் நிற்கும் வரிசையில் ஒருவர் மனிதரே அல்லர் என்றால், நம் வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு விரைவாகத் தட்டினாலும் என்ன பயன்?

உரிமையின்றி டிக்கெட் வாங்கி விற்போர்க்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது. இணைய டிக்கெட்டுக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இந்தக் கள்ள வாணிபத்தின் சுமை யார் தலையில் விடிகிறது என்பதற்கு நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கூறுவோம். தாராவியில் வாழும் அக்குடும்பத்துப் பெரியவரின் தாயார் நெல்லைச் சீமையில் காலமானார். சந்துக்குள் இருந்த ஒரு தரகரிடம் நால்வரின் ஆதார் நகலையும், டிக்கெட் விலையினும் இரு மடங்குப் பணத்தையும் கொடுத்தனர். அவர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். மறுநாள் மூட்டை முடிச்சுகளோடு தாதர் வந்து சேர்ந்தால், அந்த டிக்கெட் போலிக் கணக்கில் எடுத்ததென முடக்கப்பட்டிருந்தது. பட்டியலில் நால்வர் பெயரும் இல்லை. தாயின் முகத்தை மகன் பார்க்கவில்லை. தரகர் கடையோ அதன் பின் திறக்கப்படவில்லை. போன பணம் ஒருபுறம் இருக்க, நால்வரின் ஆதார் நகல்கள் இன்று எவர் கையில் எந்தக் கணக்கைத் திறக்கப் பயன்படுகின்றனவோ, யார் அறிவார்?

ஆதார் என்னும் சாவி

இக்கொள்ளையைத் தடுக்க ரயில்வே எடுத்த வழி ஆதார். 2025 ஜூலை 1 முதல், ஆதாரால் சரிபார்க்கப்பட்ட கணக்கு உடையவர்கள் மட்டுமே இணையத்தில் தட்கால் எடுக்க இயலும் என ஆயிற்று. ஏஜெண்டுகள் முதல் அரைமணி நேரம் தட்கால் எடுக்கக் கூடாதென விதித்தனர். கவுண்ட்டரில் வாங்குவோர்க்கும் தாம் தரும் செல்பேசி எண்ணுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொல்லும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல், சாதாரண ரிசர்வேஷன் திறக்கும் முதல் பதினைந்து நிமிஷங்களுக்கும் இணையத்தில் ஆதார் சரிபார்ப்பு விதிக்கப்பட்டது.

இதில் நன்மை உண்டு. ஓர் ஆளுக்கு ஓர் அடையாளம் என்றானால் ஒரு தரகர் நூறு பெயரில் நுழைவது அரிதாகும். எனினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். கதவை இறுக்கினால் திருடன் மட்டுமா வெளியே நிற்பான்? செல்பேசி எண்ணை மாற்றி, ஆதாரில் பழைய எண்ணையே விட்டு வைத்திருப்பவர் நம்மிடையே அநேகர். ஊர்ப் பதிவில் ‘முத்துலெட்சுமி’ என்றும் மும்பைப் பதிவில் ‘முத்துலக்ஷ்மி’ என்றும் பெயர் கொண்ட தாய்மார்கள் உள்ளனர். தோல் பதனிட்டும், சலவை செய்தும், சுண்ணாம்பு கலந்தும் விரல் ரேகை தேய்ந்துபோன உழைப்பாளிகள் உள்ளனர். ரேகை வைக்கச் சொல்லும் இடங்களில் யந்திரம் இவர்களை அறிய மறுக்கிறது. ஆக, ஒருவர் தாமே தாம் என்று நிரூபிக்க இயலாமற் போவதும் ஒரு பாதுகாப்புக் குறைபாடே. அந்நியனை உள்ளே விடுவது எவ்வளவு பிழையோ, உரியவனை வெளியே நிறுத்துவதும் அவ்வளவு பிழை. ஆராய்ச்சியாளர்கள் இவ்விரண்டு பிழைகளையும் சேர்த்தே அளக்கின்றனர். ஒன்றைக் குறைத்தால் மற்றது பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே மாற்று வழி ஒன்று எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அது முறையை முழுமையாக்குவது.

பெட்டியில் ஒட்டிய பெயர்ப் பட்டியல்

இனி அந்தரங்கம் பற்றிச் சில சொற்கள். ரயில் பெட்டியின் கதவருகே ஒட்டிய பட்டியலில் நம் பெயரைத் தேடியதை எவர் மறப்பார்? பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த பெர்த், எங்கே இறங்குபவர் என யாவும் அதில் இருந்தன. தனியே பயணம் செய்யும் இளம் பெண் எந்த இடத்தில் படுத்திருப்பாள் என்பதைப் பிளாட்பாரத்தில் போவோர் வருவோர் எல்லாம் படிக்கலாம். அக்காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. 2018 மார்ச் 1 முதல் பெரிய ஸ்டேஷன்களில் பெட்டிகளில் பட்டியல் ஒட்டுவதை ஆறு மாதம் பரீட்சார்த்தமாக நிறுத்தினார்கள். காகிதம் மிச்சமாயிற்று, பெண்களின் மானமும் சற்றே மிச்சமாயிற்று என்போம்.

‘ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு?’ என்று சிலர் கேட்கின்றனர். வீட்டில் களவுப் பொருள் இல்லாவிட்டாலும் இரவில் கதவைத் தாழிடுகிறோமே! ரகசியம் என்பது வேறு, அந்தரங்கம் என்பது வேறு. நம்மைப் பற்றிய செய்தி எவருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதை நாமே தீர்மானிக்கும் உரிமையே அந்தரங்கம்.

இவ்வுரிமைக்கான சட்ட வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. ஆட்டோ சங்கர் என்ற மரண தண்டனைக் கைதியின் சுயசரிதையை வெளியிட ‘நக்கீரன்’ பத்திரிகை முயன்றபோது எழுந்த வழக்கில், 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னைத் தன் போக்கில் விட்டுவிடும்படி கோரும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கியுள்ளது என்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை என்றும் அது கூறியது. பின்னர் ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்து 2012-ல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நிலைநாட்டினர். அதை அடுத்து 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி ஐவர் அமர்வு பெரும்பான்மையாக, ஆதார் சட்டம் பெருமளவு செல்லும் என்றும், வங்கிக் கணக்குக்கும் செல்பேசிக்கும் அதைக் கட்டாயமாக்குதல் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

ரயில்வேயிலும் இப்பிரச்சினை எழுந்தது. பயணிகளைப் பற்றிய விவரங்களை வருவாயாக்கும் வழியை ஆராய்வதற்கு ஓர் ஆலோசகரை அமர்த்த 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. டெண்டர் விட்டது. ஆயிரம் கோடி ரூபாய் வரை திரட்டலாம் என்று பேசப்பட்டது. நம் பெயரும் வயதும் செல்பேசி எண்ணும் பயணப் பழக்கமும் விலைப் பொருளாவதா என்று கண்டனம் எழுந்தது. அம்மாதம் 26-ஆம் தேதி நாடாளுமன்ற நிலைக் குழுவின் முன் அந்த டெண்டர் திரும்பப் பெறப்பட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. குடிமக்கள் விழித்திருந்தால் நிறுவனங்களும் விழித்துக் கொள்ளும் என்பதற்கு இது நல்ல உதாரணம். 2023 ஆகஸ்டில் தனிநபர் மின்தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

உருண்டையைக் கை மாற்றாதீர்

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமல் காப்பது எப்படி? ஓர் எளிய உபாயம் உண்டு. இரண்டு ஸ்டேஷன்களிலும் கம்பியால் இணைத்த இரு பெட்டிகள். அவற்றுள் எஃகு உருண்டைகள். ஒரு சமயத்தில் ஓர் உருண்டையை மட்டுமே வெளியே எடுக்க இயலும். அதற்கு ‘டோக்கன்’ என்று பெயர். டோக்கன் கையில் இல்லாத டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது.

மிக உறுதியான ஏற்பாடு. ஆயினும் 1921 ஜனவரி 26-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டில் ஆபர்மியூல் என்ற சிறு ஸ்டேஷனில், இத்தகைய டோக்கன் முறை இருந்தும் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதிப் பதினேழு பேர் மாண்டனர். யந்திரத்தில் கோளாறு ஏதுமில்லை. வந்த வண்டியின் டிரைவர் கொடுத்த டோக்கன் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, அடுத்த பகுதிக்கு உரியதென்று தவறாக எண்ணப்பட்டு, அதே டிரைவரிடம் திரும்பிப் போயிற்று. அதில் பொறித்திருந்த ஊர்ப் பெயரை எவரும் படித்துப் பார்க்கவில்லை.

செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ரகசிய எண் நமது டோக்கன். ஒரே ஒரு காரியத்துக்காக, ஒரே ஒரு முறைக்காக, சில நிமிஷங்களுக்கு மட்டும் நமக்குத் தரப்படும் உருண்டை. அதனுடன் வரும் செய்தியில் அது எதற்கு என்பதும் எவ்வளவு தொகை என்பதும் பெரும்பாலும் எழுதியே இருக்கும். நம்மில் பலர் எண்ணை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு, எழுத்தைப் படிக்காமல் விடுகின்றனர். ‘ரீபண்ட் தருகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்’ என்று கேட்பவன் கையில் அந்த உருண்டை போனால், எதிரே வருவது எந்த வண்டியோ!

1883-ல் கெர்க்காப்ஸ் என்ற அறிஞர் ரகசிய எழுத்துமுறை பற்றி ஒரு விதி வகுத்தார்: பூட்டின் அமைப்புப் பகைவனுக்குத் தெரிந்தாலும் கேடில்லை, சாவி மட்டும் மறைவாய் இருந்தால் போதும். இன்றைய வங்கிகளும் ரயில்வேயும் பயன்படுத்தும் பூட்டுகள் இவ்விதியின்படி அமைந்தவை. அவற்றை உடைப்பதினும் சாவிக்காரரை ஏமாற்றுவது எளிது என்பதால்தான் திருடர்கள் நமக்குத் தொலைபேசுகிறார்கள்.

நாம் செய்யத் தக்கவை

டிக்கெட் எடுப்பதற்கு உரிய செயலியைச் செல்பேசியின் முறையான கடையிலிருந்தே இறக்கிக் கொள்ள வேண்டும். ஐ.ஆர்.சி.டி.சி. கனெக்ட் என்ற பெயரில் ஒரு போலிச் செயலி உலவுவதாக அந்நிறுவனமே 2023-ல் எச்சரித்தது. வாட்ஸப்பில் வரும் இணைப்பைத் தொட்டு எதையும் இறக்குதல் ஆகாது.

டிக்கெட் பற்றிய குறையைப் பலரும் காணும் இடத்தில் எழுதும்போது பி.என்.ஆர். எண்ணையும் செல்பேசி எண்ணையும் சேர்த்து எழுதக் கூடாது. அதைப் பார்த்து முதலில் அழைப்பவன் ரயில்வே அதிகாரியாக இருக்கமாட்டான். 139 என்ற எண்ணில் ரயில்வேயிடம் நேரே முறையிடலாம்.

ஆதார் நகல் கொடுக்க நேர்ந்தால் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலைக் கொடுக்கலாம். அதற்கு வசதி உண்டு. நகலின் குறுக்கே எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுவது நலம்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்கலாகாது. உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறிடத்து ஓட்டையால் நஷ்டம் நேர்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் அந்த நஷ்டம் வாடிக்கையாளரைச் சாராது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்தது. ரகசிய எண்ணைத் தாமே கொடுத்திருந்தாலும், அறிவித்த பின் நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும் என்றும் அவ்விதி கூறுகிறது. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் பணமே.

இவை தனி மனிதர் செய்யத் தக்கவை. சங்கம் செய்யத் தக்கதும் ஒன்று உண்டு. படித்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, முதியோர்க்கும் உழைப்பாளிகளுக்கும் டிக்கெட் கணக்கை ஆதாருடன் இணைத்துக் கொடுக்கலாம்; பெயர்ப் பிழையும் பழைய செல்பேசி எண்ணும் இருந்தால் அவற்றைத் திருத்த வழி காட்டலாம். எண்ணை அவர்களே தட்ட வேண்டும், நாம் அருகில் இருந்து சொல்லித் தருவோம் என்பதே இதில் நியதியாக இருக்கட்டும். சாவாயினும் வாழ்வாயினும் செய்தி வந்த அன்றே ஒரு குடும்பம் தரகரை நாடாமல், தன் பெயரில், தன் கையால் டிக்கெட் எடுத்து வண்டியேறுமானால், அதனினும் பெரிய தொண்டு நமது சங்கத்துக்கு வேறு எதுவும் இராது.

யந்திரங்கள் இனிமேலும் பெருகும், குறையப் போவதில்லை. அவற்றை அஞ்சி ஒதுங்குவதும் அறிவன்று, கண்மூடி நம்புவதும் அறிவன்று. உருண்டையைக் கையில் வாங்கியதும் அதில் பொறித்த பெயரைப் படித்துப் பார்க்கும் டிரைவரைப் போல, நம் ஒவ்வொருவரும் ஒரு நொடி நின்று படித்துப் பார்க்கப் பழகுவோமாக.